பங்குக் கிணறும் தரவுத்தள இணைப்பும்

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் கணினியைப் பற்றியது. கணினி கற்கும் மாணவர்க்கே இஃது உரியது என எண்ணிப் பெற்றோர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. மருந்துக் கடையில் பட்டியல் எழுதுவதும், கூட்டுறவுக் கடையில் இருப்புப் பார்ப்பதும், நூலகத்தில் இரவல் பதிவதும் இன்று பெரும்பாலும் கணினி வழியாகவே நடைபெறுகின்றன. “சற்றுப் பொறுங்கள், கணினி வேலை செய்யவில்லை” என்ற சொல்லைக் கேட்டு வரிசையிலே கால்கடுக்க நிற்காதவர் நம்முள் யார்? அவ்வாறு நிற்க நேர்வதற்குரிய காரணம் எப்பொழுதும் பொறியின் பழுது என்பதற்கில்லை. செய்நிரல் எழுதியவர் ஓர் எளிய ஒழுங்கைக் கைக்கொள்ளாமையும் பல வேளைகளில் காரணமாகின்றது. அவ்வொழுங்கு யாதென்பதை இங்கு ஆராய்வோம்.

தரவுத்தளம் என்பது கணக்கேடுகள் ஒழுங்காக அடுக்கப்பெற்ற ஓர் அறை போன்றது. பொருள்களின் விலை, இருப்பு, கடன், வரவு யாவும் அங்கே அட்டவணைகளாக இருக்கும். பெரிய கடையொன்றில் இவ்வறை ஒரு தனிக் கணினியில் அமைந்திருக்கும். அதனைச் சேவையகம் என்பர். முன்னே பட்டியல் எழுதும் மேசைகளில் உள்ள கணினிகள் ஒவ்வொன்றும் ஒரு செய்நிரலை இயக்கி, வேண்டும்போது சேவையகத்தை நாடிச் செய்தி கேட்கும். அவ்வாறு கேட்பதற்கு முன் இரண்டிற்குமிடையே ஒரு வழி திறக்கப்படல் வேண்டும். அவ்வழியே ‘இணைப்பு’ எனப்படுவது.

இவ்விணைப்பு இலவசமாகக் கிடைப்பதன்று. முதலில் இரு கணினிகளும் மூன்று முறை செய்தி பரிமாறித் தம்முள் தொடர்பை உறுதி செய்யும். அதன்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படும். பின்னர்ச் சேவையகம் வந்தவருக்கென நினைவகத்திற் சிறிது இடம் ஒதுக்கும். போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிச் செயன்முறையையே தொடங்குகின்றது. ஆதலால் எத்தனை பேரை ஒரே வேளையில் உள்ளே விடலாம் என்பதற்கு ஒவ்வொரு சேவையகமும் ஓர் எல்லை வகுத்திருக்கும். மைஎஸ்கியூஎல் என்னும் மென்பொருளில் யாரும் மாற்றாதவிடத்து அவ்வெல்லை 151; போஸ்ட்கிரஸில் 100.

இதனை யாழ்ப்பாணத்தார்க்கு விளக்குதல் அரிதன்று. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறொன்றும் இல்லாத நம் குடாநாடு கிணற்றை நம்பியே வாழ்ந்தது, இன்றும் வாழ்கின்றது. தோட்டக் கிணறுகள் பல, பலருக்குப் பொதுவான பங்குக் கிணறுகள். பழைய காணி உறுதிகளைப் புரட்டினால், நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். இன்னார்க்கு இன்ன முறை என்ற ஒழுங்கின்படியே இறைப்பு நடைபெறும். தன் முறை வந்ததும் ஒருவர் இறைப்பார். முடிந்ததும் அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பார். இறைத்து முடித்த பின்னும் துலாக்கயிற்றை விடாது பிடித்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் அமர்ந்திருப்பவரை ஊர் பொறுக்குமா? தண்ணீர் உண்டு, துலாவும் உண்டு, ஆயினும் பயிர் வாடும். தரவுத்தள இணைப்பை வீணே பிடித்துக்கொண்டிருக்கும் செய்நிரலும் இத்தகையதே.

உதாரணமாக, நகரை அடுத்துள்ள ஒரு மொத்த விற்பனை நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் இங்கு வேண்டா. நான்கு மேசைகள், நான்கு கணினிகள், உள்ளறையில் மைஎஸ்கியூஎல் இயங்கும் ஒரு சேவையகம். காலை எட்டு மணிக்குக் கடை திறந்தால் எல்லாம் செவ்வனே நடக்கும். நண்பகல் நெருங்கும் வேளையில் ‘இணைப்புகள் மிகையாகிவிட்டன’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் செய்தியொன்று திரையில் தோன்றும். பணியாளர் கணினிகளை நிறுத்தி மீண்டும் தொடங்குவார். மறுபடி எல்லாம் நடக்கும். மாலையில் மீண்டும் அதே கதை. பண்டிகை நாள்களிலோ பத்து மணிக்கே கடை திணறும். வெயில் ஏறினால் கணினி களைத்துவிடுகின்றது என்று அங்குள்ளோர் நம்பியிருந்தனர்.

உண்மையில் நிகழ்ந்தது வெறும் கணக்கே. அச்செய்நிரலில் ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு புதிய சாளரம் திறந்தது. அச்சாளரம் தனக்கென ஓர் இணைப்பையும் திறந்தது. பட்டியல் முடிந்ததும் சாளரம் கண்ணுக்கு மறைந்ததேயன்றி அழியவில்லை, இணைப்பும் மூடப்படவில்லை. மணிக்கு நாற்பது பட்டியல் வீதம் எழுதினால் 151 என்னும் எல்லையை எட்டுவதற்கு நான்கு மணி நேரமும் வேண்டியதில்லை. எட்டு மணிக்குத் தொடங்கிய கடை பன்னிரண்டுக்கு முன்னரே தடைப்படும். சும்மா கிடக்கும் இணைப்பை மைஎஸ்கியூஎல் தானாகவே துண்டிக்கும் என்பது மெய்தான். ஆயின் அதற்கென வகுக்கப்பட்ட காலம் 28,800 விநாடிகள், அஃதாவது எட்டு மணி நேரம். கணினியை நிறுத்தித் தொடங்கியதும் நோய் தீர்ந்தது ஏன் எனின், செய்நிரல் முடிவுறும்போது இயங்குதளம் அதன் இணைப்புகளையெல்லாம் தானே மூடிவிடும் என்க. அது மருந்தன்று, நோயை மறுநாளைக்கு ஒத்திப்போடுதலே.

இத்தகைய இடரில் பலர் முதலிற் செய்வது எல்லையை 151இலிருந்து 500ஆகவோ 1,000ஆகவோ உயர்த்துவதே. நம் கிணறுகளை நன்கறிந்தோர் இதன் தீமையை எளிதில் உணர்வர். குடாநாட்டின் நன்னீர், சுண்ணக்கல்லுக்கிடையே உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு படலம். நீர் போதவில்லையென்று ஆழமாகத் தோண்டி அளவின்றி இறைத்தால் ஈற்றில் மேலே வருவது உப்பு நீர். அதுபோலவே, ஒவ்வோர் இணைப்பும் சேவையகத்தின் நினைவகத்திற் பங்கு கேட்பதால், எல்லையை உயர்த்திக்கொண்டே போனால் ஒருவர்க்கும் விரைந்து விடை கிடையாத நிலை உண்டாகும். ஒழுக்கு எங்கேயெனக் காணாது தொட்டியைப் பெரிதாக்குதல் அறிவுடைமையன்று.

அந்நிலையத்துச் செய்நிரலில் இன்னுமொரு குற்றம் இருந்தது. எல்லா மேசைகளும் ‘ரூட்’ என்னும் தலைமைப் பயனரின் பெயராலேயே உள்ளே நுழைந்தன. மைஎஸ்கியூஎல் தன் எல்லைக்கு மேல் இன்னும் ஓர் இணைப்பை நிருவாகிக்கென ஒதுக்கி வைக்கின்றது. எல்லாம் அடைபட்டபோதும் அவர் உள்ளே சென்று யார் யார் காத்திருக்கின்றனர் எனப் பார்த்துச் சீர்செய்வதற்கான வாயில் அது. பட்டியல் எழுதும் செய்நிரலே தலைமைப் பயனராக வந்தால் அவ்வொரு வாயிலையும் அதுவே அடைத்துக்கொள்ளும். பின் சீர்செய்ய வருபவரும் வெளியே நிற்பார். அன்றியும், மேசைக் கணினியில் வைக்கப்பட்ட கடவுச்சொல் பிறர் கைக்கு எட்டக்கூடியது. ஆகவே, பட்டியல் எழுதுவதற்கு வேண்டிய அதிகாரம் மாத்திரம் உள்ள ஒரு தனிப் பயனரை அமைத்துக்கொள்வதே முறை.

இனி, கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகளைப் பார்ப்போம்.

முதலாவது: பிந்தித் திற; முந்தி மூடு. வாடிக்கையாளர் பொருள்களைத் தெரிவு செய்யும்போதோ, பணியாளர் அவற்றைத் தட்டச்சுச் செய்யும்போதோ இணைப்பு வேண்டுவதில்லை. பட்டியல் முற்றுப்பெற்று ‘சேமி’ என்னும் பொத்தானை அழுத்தும் கணத்தில் திறந்து, எழுதி, உடனே மூடினால் போதும். இணையத்தளத்திற்கான செய்நிரல்கள் ஒரு வேண்டுகோள் முடிந்ததும் தம் வேலையை முடித்துக்கொள்பவை. மேசைக் கணினிச் செய்நிரலோ காலை முதல் மாலை வரை திறந்தே கிடக்கும். அதிற் பிடித்து வைத்தது எதுவாயினும் நாள் முழுவதும் பிடிபட்டே இருக்கும். மேசைக் கணினிக்கு எழுதுவோர் கூடிய விழிப்போடு இருக்க வேண்டுவது இதனாலேயே.

“ஒவ்வொரு முறையும் திறப்பது நேரத்தை வீணாக்காதா?” என ஒரு மாணவர் வினவலாம். தக்க வினாவே. அதற்கு விடையாகவே இணைப்புத் தொகுதி என்னும் ஏற்பாடு தோன்றியது. ஆங்கிலத்தில் இதனைக் ‘கனெக்சன் பூல்’ என்பர். செய்நிரல் ‘மூடு’ எனக் கட்டளையிடும்போது இணைப்பு உண்மையில் அறுக்கப்படாமல் ஒரு தொகுதியிற் சேர்க்கப்படும். அடுத்த முறை ‘திற’ என்றதும் புதியதொன்றை உண்டாக்காமல் அங்கிருந்து எடுத்துக் கொடுக்கப்படும். மைக்கிரோசொப்ட் நிறுவனத்தின் டொட்நெற் முறையில் எஸ்கியூஎல் சேவையகத்துக்கு இத்தொகுதி தானாகவே அமைந்துள்ளது. அதன் மேலெல்லை 100. நூறும் வெளியே இருந்தால் அடுத்து வருபவர் 15 விநாடி காத்திருந்து, அப்பாலும் கிடையாவிடின் பிழைச் செய்தி பெறுவார். எடுத்தவர் திருப்பிக் கொடுத்தாலன்றித் தொகுதியாலும் பயனில்லை.

மேசைக் கணினியில் இன்னொரு நுட்பமும் உண்டு. தொகுதி என்பது ஒவ்வொரு கணினியிலும் இயங்கும் செய்நிரலுக்குத் தனித்தனியே உரியது. பத்து மேசைகள் இருப்பின் பத்துத் தொகுதிகள். ஒவ்வொன்றும் நூறு வரை செல்லலாமெனின் ஆயிரம் இணைப்புகள் ஒரு சேவையகத்தை முற்றுகையிடக்கூடும். ஒரு வேளையில் ஒரு பட்டியல் எழுதும் மேசைக்கு இரண்டு மூன்று இணைப்புகளே அதிகம். “அறுக்கமாட்டாதவன் இடுப்பிலே ஐம்பத்தெட்டு அரிவாள்” என்னும் நம் முன்னோர் பழமொழி இவ்விடத்துக்கு மிகப் பொருந்தும். தொகுதியின் மேலெல்லையைத் தேவைக்கேற்பச் சிறிதாக்கி வைத்தல் நன்று.

இரண்டாவது: எது நேரினும் மூடு. நல்ல வேளையில் மூடுவதை எல்லாரும் எழுதுவர். இடையே பிழை நேர்ந்தால் செய்நிரல் அவ்வரியை அடையாமலே வேறிடத்துக்குத் தாவிவிடும். மூடும் கட்டளை எழுதியபடியே கிடக்கும். ஆகவே வெற்றியாயினும் தோல்வியாயினும் கட்டாயம் நிகழும் பகுதியில் மூடும் கட்டளையை வைத்தல் வேண்டும். ஜாவா, சி சார்ப், பைதன் ஆகிய மொழிகள் மூன்றிலும் ‘ஃபைனலி’ என்னும் சொல் இதற்கே உரியது. சி சார்ப்பில் ‘யூசிங்’ என்ற அமைப்பும், ஜாவாவில் 2011ஆம் ஆண்டு வெளிவந்த ஏழாம் பதிப்பு முதல் ‘ட்ரை’ என்ற சொல்லோடு அடைப்புக்குறிக்குள் இணைப்பைத் திறக்கும் அமைப்பும் இவ்வேலையைத் தாமே செய்து தரும்.

பைதன் பயிலும் மாணவர் இங்கே ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கோப்பொன்றை ‘வித்’ என்ற சொல்லால் திறந்தால் அது தானே மூடப்படும். அதுபோலவே எஸ்கியூலைட் இணைப்பும் மூடப்படும் எனப் பலர் கருதுகின்றனர், அஃது அவ்வாறன்று. அங்கே ‘வித்’ செய்வது எழுதியதை உறுதிப்படுத்துவது அல்லது பிழை நேர்ந்தால் மீளப்பெறுவது மாத்திரமே; இணைப்பு திறந்தே இருக்கும். ‘குளோஸ்’ என்னும் கட்டளையைத் தனியே இடல் வேண்டும். அன்றேல் ‘குளோசிங்’ என்னும் துணையை அதனோடு சேர்த்துப் பயன்படுத்தல் வேண்டும்.

மூன்றாவது: பரிவர்த்தனையைச் சுருக்கு. ஒரு பட்டியல் எழுதும்போது இருப்புக் குறைய வேண்டும்; வரவு ஏற வேண்டும்; கடனாயின் கடனேட்டிலும் பதிய வேண்டும். இவை யாவும் நிகழ வேண்டும், அல்லது ஒன்றும் நிகழாதிருக்க வேண்டும். இவ்வாறு ஒன்றாகக் கட்டிய வேலைத் தொகுப்பே பரிவர்த்தனை. அது முடியும்வரை அது தொட்ட வரிசைகள் பிறர் மாற்றாதவாறு பூட்டப்பட்டிருக்கும். பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டு, ‘உறுதியா?’ என்று திரையில் வினவி, விடைக்குக் காத்திருக்கும் செய்நிரல்கள் உள. பணியாளர் அவ்வேளையில் தொலைபேசியை எடுத்தால் மற்ற மூன்று மேசைகளும் அவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். மைஎஸ்கியூஎல் இயல்பாக 50 விநாடி பொறுத்துப் பார்த்துக் காத்திருப்பவரைத் திருப்பி அனுப்பிவிடும். மனிதரிடம் கேட்க வேண்டியவற்றையெல்லாம் கேட்டு முடித்த பின்னரே பரிவர்த்தனையைத் தொடங்குக.

நான்காவது: இணைப்பு அறும் என்று எண்ணியே எழுது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை யாரும் மறந்திரார். மின்கலத்தின் துணையால் சேவையகம் உயிரோடிருக்க, மேசைக் கணினி மாத்திரம் அணைந்தால் நிகழ்வது யாது? விடைபெறாமலே ஒருவர் போய்விட்டார் என்பது சேவையகத்துக்குத் தெரியாது. லினக்ஸ் இயங்குதளத்தின் இயல்பான அமைப்பில், ஓசையற்றுக் கிடக்கும் இணைப்பு இரண்டு மணி நேரம் கழிந்த பின்னரே சோதிக்கப்படும். பரிவர்த்தனை ஒன்றின் நடுவே அணைந்திருந்தால், அதன் பூட்டுகளும் அதுவரை கிடக்கலாம். மூன்றாவது ஒழுங்கின் அருமை இங்கே மேலும் விளங்கும்.

சேவையகமே அணைந்தாலோ? அரைகுறையாக நின்ற பரிவர்த்தனைகள் என்னாவது என்ற அச்சம் வேண்டா. சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் 1977ஆம் ஆண்டு பட்டம் பெற்று, பின் ஐபிஎம் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய சி. மோகன் அவர்களும் அவர்தம் தோழர்களும் ‘ஏரீஸ்’ என்னும் மீட்பு முறையை வகுத்து 1992ஆம் ஆண்டு விரிவான கட்டுரையாக வெளியிட்டனர். செய்யப்போகும் மாற்றத்தை முதலிற் குறிப்பேட்டில் எழுதிவைத்து, விபத்து நேர்ந்தால் மீண்டும் எழும்போது அக்குறிப்பைப் படித்து, முடிந்தவற்றை நிலைநாட்டி, முடியாதவற்றை அழித்துவிடும் முறை அது. மைக்கிரோசொப்ட் எஸ்கியூஎல் சேவையகத்தின் மீட்பு முறையும் இதனை அடியொற்றியதே.

ஆயின் ஓர் ஐயம் எஞ்சி நிற்கும். ‘உறுதிப்படுத்து’ என்ற கட்டளையை அனுப்பிய அக்கணத்திலேயே இணைப்பு அறுந்தால், பட்டியல் பதிந்ததா இல்லையா என்பது மேசைக்குத் தெரியாது. மறுபடி அனுப்பினால் ஒரே பொருள் இருமுறை விற்றதாகக் கணக்கேறலாம்; அனுப்பாவிடின் விற்றதே பதியாமற் போகலாம். வாடிக்கையாளரின் கடன் இரட்டிப்பதும் இவ்வாறே. இதற்குப் பரிகாரம் எளிது. ஒவ்வொரு பட்டியலுக்கும் மேசையிலேயே ஒரு தனி எண் வழங்கி, அவ்வெண் இருமுறை பதியக் கூடாதெனத் தரவுத்தளத்திலும் விதித்துவிடுக. மீண்டும் இணைந்ததும் அவ்வெண் உள்ளதா எனப் பார்த்து, இல்லையெனின் மாத்திரம் அனுப்புக. பிறர் கணக்கை நாம் எழுதுகின்றோம் என்ற பொறுப்பு உடையவர் இச்சிறு தொல்லையைப் பெரிதாகக் கருதார்.

எல்லா இடத்திலும் சேவையகம் வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. இது தொடர்பாக ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பலொன்றுக்குச் செய்நிரல் எழுதிய குழுவில் ரிச்சர்ட் ஹிப் என்பவர் பணியாற்றினார். சேவையகம் நின்றுபோன போதெல்லாம் அவர்களது செய்நிரல் ‘தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை’ என்று கையை விரித்தது. சேவையகமே இல்லாது, ஒரு கோப்பை நேராகப் படிக்கும் தரவுத்தளம் இருந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அதனாலே தோன்றியது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த எஸ்கியூலைட் அவ்வெண்ணத்தின் பயன். இன்று நம் கைபேசிகளுக்குள்ளும் இருப்பது அது.

ஒருவர் மாத்திரம் பயன்படுத்தும் ஒரு கணினிக்கு எஸ்கியூலைட் மிகப் பொருத்தம். அங்கே செய்நிரல் தொடங்கும்போது ஓர் இணைப்பைத் திறந்து முடியும்போது மூடினாலும் குறையில்லை. தன் வளவுக்குள் உள்ள தனிக் கிணற்றுக்கு முறை வைப்பார் யார்? ஆனால் அக்கோப்பைப் பொது அடைவிலே வைத்து நான்கு மேசைகளிலிருந்தும் திறக்க முயலுதல் ஆபத்து. ஒரு வேளையில் ஒருவரே அதில் எழுதலாம். வலையமைப்பு வழியே கோப்பைப் பூட்டும் முறைகள் பல நம்பத்தக்கன அல்ல என அதனை ஆக்கியோரே எச்சரித்துள்ளனர். தனிக் கிணறா, பங்குக் கிணறா என்பதை முதலிலே தெளிந்து, அதற்கேற்ற ஒழுங்கை மேற்கொள்ளுதல் வேண்டும்.

உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர்க்கு ஒரு வார்த்தை. வீட்டிலே ஒரு கணினியில், பத்துப் பதிவுகளை வைத்துச் சோதித்தால் மேற்கூறிய குற்றம் ஒன்றும் வெளிப்படாது. பரீட்சகர் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே சோதனையை வேறு வகையாகச் செய்து பாருங்கள். சேவையகத்தின் எல்லையை 5 எனக் குறைத்துவிட்டு நூறு பட்டியல்களை எழுதுங்கள். நடுவே வலையமைப்புக் கம்பியைப் பிடுங்குங்கள். மைஎஸ்கியூஎல்லில் ‘ஷோ புராசஸ்லிஸ்ட்’ என்னும் கட்டளையை இட்டு, உறங்கிக் கிடக்கும் இணைப்புகள் பெருகுகின்றனவா என நோக்குங்கள். நூறாவது பட்டியலுக்குப் பின்னும் அவ்வெண்ணிக்கை முதற் பட்டியலில் இருந்தவாறே இருந்தால் உங்கள் செய்நிரல் தேறியது.

பெற்றோர்க்கும் கடை உரிமையாளர்க்கும் ஒன்று கூறுவோம். செய்நிரல் எழுதித் தர ஓர் இளைஞர் முன்வரும்போது, திரையின் அழகை மாத்திரம் பார்த்து விலை பேசாதீர்கள். “மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? நான்கு பேர் ஒன்றாக எழுதினால் என்ன ஆகும்?” என்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தவர் வேலையும் தெரிந்தவர். மருந்துக்காக வரிசையில் நிற்கும் முதியவரின் நேரமும், கடனேட்டில் எழுதப்படும் ஏழையின் கணக்கும் அவ்விடையிலேயே தங்கியுள்ளன.